கொலைத் தொடர் மனசுக்கு இதமா? எப்படி?

கேள்வி:
பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களை மனசுக்கு இதமானவை என்கிறார்கள். மிட்சமர் மர்டர்ஸில் ஒரே எபிசோடில் மூன்று பேர் செத்துப்போகிறார்கள். இதில் இதம் எங்கே? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
எத்தனை சாவு என்று எண்ணாதீர்கள், கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓங்கிய கை வரை காட்டுவார்கள். அடி விழுவதற்குள் காட்சி மாறிவிடும். அழுகையும் நீளாது. 2013-ல் ஒரு எபிசோடில் பெரிய சீஸ் உருளையே கொலை ஆயுதம்! ஜிம் பார்க்கரின் டைட்டில் இசையும் அப்படித்தான்: வால்ட்ஸ் என்ற நடனத் தாளம், மேலே தெரமின். கையால் தொடாமலே வாசிக்கும் கருவி அது. பேய் முனகுவது போல இருக்கும், ஆனால் பயம் வராது. நடனத் தாளத்தையும் பேய் முனகலையும் சேர்த்ததுதான் தொடரின் மொத்தக் குணமே.

பதில் 2:
நேரத்தையும் சொல்ல வேண்டும். 1987-ல் தொடங்கிய இன்ஸ்பெக்டர் மோர்ஸுக்கு ஒரு கதைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள், விளம்பரம் போக சுமார் 100 நிமிடம். அதனால்தான் ஆக்ஸ்ஃபோர்டு நகரத் தெருக்களில் சும்மா கார் ஓட்டவும், பப்பில் பீர் முன்னால் உட்கார்ந்து யோசிக்கவும் இடம் கிடைத்தது. காதையும் தீட்டிக்கொள்ளுங்கள்: பாரிங்டன் ஃபெலோங் டைட்டில் இசையில், தந்தியில் புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் சங்கேதத்தில் 'மோர்ஸ்' என்ற பெயரையே தட்டியிருக்கிறார்.

பதில் 3:
தொடங்க, டேவிட் சூஷே துப்பறிவாளராக நடித்த பாய்ரோ தொடர்தான் சரி. 1989 முதல் சீசன், 10 எபிசோடு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். மொத்தம் 70 இருக்கின்றன, கண்ட இடத்தில் நுழையாதீர்கள். பலர் பெயரைப் பார்த்து 2010-ல் வந்த ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் எபிசோடில் ஆரம்பித்துவிடுகிறார்கள். அது இருண்ட கதை, இதம் துளியும் கிடையாது. பாய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ், செயலாளர் மிஸ் லெமன், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜாப் மூவரும் கூடவே இருக்கும் ஆரம்ப வருஷங்களில்தான் அந்த வீட்டுக் கதகதப்பு இருக்கிறது. 2003-க்குப் பிறகு அவர்களைக் காண்பதே அரிது.

கேட்டவர்:
வேரா எப்படி?

பதில் 3:
அருமையான தொடர், ஆனால் இதமானது இல்லை. வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் நார்தம்பர்லாந்தின் காற்றும் சாம்பல் வானமும் நெஞ்சைக் கனக்க வைக்கும். இழப்பின் வலியையும் அது சீக்கிரம் கடந்துபோகாது. பாய்ரோவுக்கு அப்புறம் பாருங்கள். வடகிழக்குப் பேச்சு வழக்கு காதுக்குப் பிடிபட நேரமாகும், ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.