ஸ்கைரிம் மாட் ஆட்டத்தில் லாக்பிக் தட்டுப்பாடு: பெர்க் பாயிண்டை எங்கே போடுவது?

நிழல்நடை:
ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் (கணினி ஆட்டம்). லாக்பிக் (பூட்டைத் திறக்கும் கம்பி, சுருக்கமாக பிக்) அரிதாகக் கிடைக்கச் செய்யும் மாட் (ஆட்டத்தை மாற்றும் கூடுதல் கோப்பு) ஒன்றும், பெட்டிகளில் பொருளைக் குறைக்கும் லூட் மாட் ஒன்றும் ஓடுகின்றன. பூட்டுத் திறக்கும் ஸ்கில் 28, கையில் 6 பிக், செலவழிக்காத பெர்க் (கூடுதல் திறன்) பாயிண்ட் 2. அடெப்ட் பூட்டு (ஐந்து கடின நிலைகளில் மூன்றாவது) ஒன்றுக்கே மூன்று நான்கு பிக் உடைகிறது. பாயிண்டை அதற்கு முந்தைய நிலைகளான நாவிஸ், அப்ரெண்டிஸ் பெர்க்குகளில் போடலாமா? இன்னொன்று: சில கொள்ளையர் குகைகளில் பிக் பழையபடியே கொட்டிக் கிடக்கிறது. ஏன்?

பூட்டுத்திறப்பான்:
முதல்ல உங்க பெர்க் மரத்துல இருக்கிற விளக்கத்தைப் படிங்க. மாட் இல்லாத ஸ்கைரிம்ல பெர்க் இல்லாமலே மாஸ்டர் பூட்டுலகூட கை வைக்கலாம். பெர்க் அதைச் சுலபமாக்கும், அவ்வளவுதான். சில ஓவர்ஹால் மாட்கள்ல (விதிகளையே மாத்தி எழுதறவை) பெர்க் இல்லேன்னா அந்த நிலைப் பூட்டைத் தொடவே முடியாது. அப்படின்னா யோசிக்காம ரெண்டையும் போடுங்க. இல்லேன்னா பாயிண்டை வச்சிருங்க, ஸ்கில்லை ஏத்துங்க.

ஏத்தறதுக்குக் கணக்கு இருக்கு. நாவிஸ் பூட்டைத் திறந்தா அடிப்படை அனுபவம் 2, அப்ரெண்டிஸ் 3, அடெப்ட் 5, எக்ஸ்பர்ட் 8, மாஸ்டர் 13. பிக் உடைஞ்சா வெறும் 0.25. நாலு பிக்கைக் குடுத்து 6 (பூட்டுக்கு 5, உடைஞ்ச பிக்குகளுக்கு 1) வாங்கறதைவிட, ஒண்ணும் உடையாம மூணு நாவிஸ் பூட்டைத் திறந்து அதே 6 வாங்கறது மேல். ரிவர்வுட் ஊர் பக்கத்துல இருக்கிற திருடன் கல்லை (தொட்டா பலன் தர்ற கற்கள்ல ஒண்ணு) தொட்டா திருட்டு ஸ்கில் எல்லாம் 20% வேகமா ஏறும். அடெப்ட் பூட்டு கைக்குள்ள வந்ததும் அதே மாதிரியான டவர் கல்லுக்கு மாறிடுங்க: நாளுக்கு ஒரு தடவை எக்ஸ்பர்ட் வரை எந்தப் பூட்டையும் பிக் இல்லாம திறக்கும். ஒரு நேரத்துல ஒரு கல்தான் வேலை செய்யும், அதனாலதான் இந்த வரிசை.

சிலந்தி முட்டையும் பைன் த்ரஷ் முட்டையும் சேர்த்தா லாக்பிக்கிங்கைக் கூட்டற மருந்து கிடைக்கும் (ரசவாத மாட் எதுவும் மாத்தலேன்னா). பூட்டுத் திரை திறந்திருக்கும்போது ஆட்டம் நின்னுடும், அதனால மருந்தைக் குடிச்ச உடனே பூட்டைத் திறங்க. மெனுவில் நேரத்தை ஓடவிடும் மாட் இருந்தா இது பலிக்காது.

குகைவாசி:
உடைவது பெரும்பாலும் அழுத்தத்தால். பிக்கை நடுவில் வைத்து, பூட்டை இலேசாகத் தட்டி, நடுங்கியதும் விட்டுவிடுங்கள். அசையவே இல்லை என்றால் கால் வட்டம் தள்ளிப் பாருங்கள். பாதி திரும்பினால் மயிரிழைதான் நகர்த்த வேண்டும். பிக் உடைந்தால் திரையை விட்டு வெளியேறாதீர்கள். வெளியேறினால் சரியான இடம் மாறிவிடும், உடைந்த பிக் சொல்லிக்கொடுத்தது வீண்.

பட்டியலாளர்:
இரண்டாவது கேள்விக்கு: பெரும்பாலும் லெவல்டு லிஸ்ட் (பெட்டியில் என்ன பொருள் வரும் என்று தீர்மானிக்கும் பட்டியல்) மோதல். லாக்பிக் மாட் பட்டியலிலிருந்து பிக்கை நீக்குகிறது. லோட் ஆர்டரில் (மாட்கள் ஏற்றப்படும் வரிசை) அதற்குக் கீழே உள்ள லூட் மாட் அதே பட்டியலை மேலெழுதினால் பிக் திரும்பி வந்துவிடும். எக்ஸ்எடிட்டில் (மாட் கோப்புகளைத் திறந்து பார்க்கும் கருவி) அந்தப் பட்டியலைத் திறந்து வலது ஓரத்து நெடுவரிசையைப் பாருங்கள், ஆட்டம் எடுத்துக்கொள்வது அதைத்தான்.

ரை பாஷ் என்ற கருவியை வைத்து பேஷ்டு பேட்ச் (மாட்களின் பட்டியல்களை ஒன்றிணைக்கும் கோப்பு) கட்டினாலும் அது தானாகச் சரியாகாது. நீக்கத்தை மதிக்க, லாக்பிக் மாட்டின் பிளகினுக்கு (மாட் கோப்பு) டீலெவ் டேக் (ரை பாஷ் படிக்கும் குறிச்சொல்) வேண்டும். எண்ணிக்கையை மட்டும் குறைக்கும் மாட் என்றால் ரீலெவ். டேக் போட்டதும் பேட்சை மறுபடி கட்டுங்கள். ஆட்டம் தொடங்கிய பின் ஸ்கிரிப்ட் மூலம் பட்டியலில் பொருள் சேர்க்கும் மாட்களை இந்தப் பேட்ச் பார்க்காது. மேசையில் கையால் வைக்கப்பட்ட பிக்குகளும் பட்டியலில் வராதவை.

நிழல்நடை:
டீலெவ் டேக் இல்லைதான், போட்டுவிட்டேன். பழைய சேவிலேயே தொடரலாமா?

பட்டியலாளர்:
தொடரலாம், ஆனால் ஏற்கெனவே நுழைந்த இடங்களில் பெட்டிகள் பழைய பட்டியல்படி நிரம்பியிருக்கும். செல் (ஆட்ட உலகின் ஒரு பகுதி) மறுபடி நிரம்ப ஆட்டக் கணக்கில் 10 நாள், முழுக்க முடித்த குகைக்கு 30 நாள். கடைக்காரர் சரக்கு 48 மணி நேரத்தில் மாறும். இதுவரை நுழையாத குகை ஒன்றில் சோதியுங்கள்.