‘ஆவி ஏறிய இஞ்சின்’ என்று பெனரில் போடலாமா?

கல்லடி டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். வியாழன் மதியத்துக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய வேலை, அதனால் நேரே கேட்கிறேன். பாடசாலைக் கண்காட்சிக்குப் பழைய நீராவி இஞ்சின்களைத் தொண்டர்கள் சேர்ந்து காப்பாற்றிய கதையைப் பெனர்களாகப் போடுகிறோம். முதல் பெனர் வேல்ஸ் நாட்டுத் தலிலின் பாதை. மூடப்படவிருந்த அந்தச் சின்னப் பாதையை 1950இல் ஒரு சங்கம் கூடிப் பொறுப்பெடுத்து, 1951 மே மாதம் தாங்களே ரயில் ஓட்டினார்கள். உலகத்தில் தொண்டர்கள் எடுத்து நடத்திய முதல் ரயில் பாதை அதுதான். அப்போது ஓடக்கூடியதாக இருந்தது 1866இல் செய்த டோல்கோக் என்ற ஒரே ஒரு இஞ்சின். கடைசிப் பெனர் 2014இல் திறந்த நம்முடைய கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகம்.

சிக்கல் இரண்டு ஆங்கிலச் சொற்களில், தமிழில் என்ன போடுவது? ஒன்று ‘பிரிசர்வேஷன்’, பழையதை அழியவிடாமல் காப்பது. ‘பாதுகாப்புச் சங்கம்’ என்று எழுதி வைத்தேன். பத்தாம் தரப் பிள்ளை ஒருவன் வாசித்துவிட்டு, “டீச்சர், இஞ்சினுக்கு ஆமி காவலா?” என்று கேட்கிறான். நம் ஊரில் அந்தச் சொல் இனி வேறு எதற்கும் உதவாது. மற்றது ‘இன் ஸ்டீம்’, நெருப்பு மூட்டி அழுத்தம் ஏறி நிற்கிற இஞ்சினை அப்படிச் சொல்கிறார்கள். ‘ஆவி ஏறிய இஞ்சின்’ என்று போட்டால் பிள்ளைகள் பேயோட்டக் கிளம்பிவிடும். பாடப்புத்தகத்துக் கொதிநீராவியிலிருந்து ‘கொதி ஏறிய’ என்று எடுக்கலாம் என்றால் அது அதைவிட மோசம், கண்ணூறு என்று நினைத்து எங்கள் அம்மா கொதி பார்க்கிறவரைக் கூப்பிட்டுவிடுவார். யாராவது உதவுங்கள்.

காரைதீவு மாஸ்டர்:

டீச்சர், ஆவியைப் பேயிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீராவி என்றால் முதலில் குளம். யாழ்ப்பாணத்து நீராவியடியில் யாரும் கொதிகலன் வைத்திருக்கவில்லை. ஆவியும் வாவியும் ஒன்று, மட்டக்களப்பு வாவியைத் தினமும் பாலத்தில் கடக்கிற உங்களுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். வாவி வடமொழி வாபியிலிருந்து வந்ததாக அகராதி சொல்லும், நான் ஏற்கவில்லை. ஆவித்தல் என்றால் வாய் திறத்தல், கொட்டாவியில் இருப்பதும் அந்த ஆவிதான். வாய் திறந்து கிடக்கிற பள்ளம் ஆவி, வாய் திறந்து வெளிவருகிற மூச்சு ஆவி, கொதிக்கிற பானை வாய் விட்டு வருவதும் ஆவி. வேர் ஒன்று. மீதியை இன்னொரு மடலில் எழுதுகிறேன்.

‘பிரிசர்வேஷ’னுக்குத் தமிழில் ஓம்பல் இருக்கிறது. விருந்தோம்பலில் உள்ள அதே ஓம்பல். பொறியோம்பல் சங்கம் என்று போடுங்கள். ‘இன் ஸ்டீம்’ என்றால் எரியோம்பிய பொறி. சம்பந்தர் ‘கற்றாங் கெரியோம்பி’ என்றது நெருப்பை அணையவிடாமல் காத்தவர்களைத்தானே? ரயிலில் நெருப்புப் போடுகிற பயர்மன் எரியோம்புநர். 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன், இஞ்சின் பஞ்சின் என்று எழுத எனக்குக் கை வராது.

வாழைச்சேனை நானா:

மாஸ்டர் குறை நினைக்கக் கூடாது. தண்டவாளமே இல்லாத அம்பாறை மாவட்டத்திலிருந்து ரயிலுக்குச் சொல் வருகிறது. (கல்லோயாச் சந்தி என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே என்று வராதீர்கள். அது உங்கள் கல்லோயாப் பக்கம் இல்லை, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பாதை பிரிகிற இடம்.)

எங்கட வாப்பா பயர்மனாக இருந்தவர். எரியோம்புநர் என்று கூப்பிட்டிருந்தால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். வேலை முடிந்து வந்தால் வாசலில் நின்று சட்டையைக் கழற்றி உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார், காலர் மடிப்புக்குள் கரித்தூள் கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும், உம்மா அந்தச் சட்டையை மட்டும் வேறு வாளியில் ஊறப்போடுவார். அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதெல்லாம் ‘ஸ்டீம் ஏத்துறது’, ‘ஸ்டீம் நிக்குது’, ‘ஸ்டீம் இறங்கிட்டு’. நெருப்பில்லாமல் இன்னொரு இஞ்சின் இழுத்துக்கொண்டு போனால் அது ‘டெட் இஞ்சின்’. ஓட்டமாவடிப் பாலத்தில் கோச்சிக்கும் பஸ்ஸுக்கும் ஒரே வழி இருந்த காலத்தில், பாலத்தடியில் காத்து நின்ற சனத்துக்கும் இது விளங்கும். இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதுச்சொல் தேடுகிறோம்?

அக்கரைப்பற்றுத் தம்பி, வேல்ஸிலிருந்து:

அக்கா, நானா, மாஸ்டர், நான் இங்கே வாரக் கடைசியில் ஒரு தொண்டர் பாதையில் இஞ்சின் துடைக்கிறவன். சொல் தேடுவதற்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பிரிக்க வேண்டும்.

‘பிரிசர்வேஷன்’ என்று இவர்கள் சொல்வதில் பொருளை அப்படியே வைத்திருப்பது மிகக் குறைவு. பாரி என்ற ஊரின் பழைய இரும்பு யார்டிலிருந்து மட்டும் 213 இஞ்சின்களை மீட்டார்கள். பல வருடம் கடற்காற்றில் கிடந்தவை, செம்பும் பித்தளையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவற்றை ஓடவைக்க எத்தனையோ பாகங்களைப் புதிதாகச் செய்தார்கள். ஓடத் தொடங்கினாலும் பொதுவாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை கொதிகலனை இஞ்சினின் அடிச்சட்டத்திலிருந்து தூக்கி, குழாய்களை எல்லாம் உருவிப் பரிசோதிக்க வேண்டும். ஆகவே மீட்பது ஒன்று, திருத்துவது ஒன்று, ஓடும் நிலையில் வைத்திருப்பது இன்னொன்று. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்துவது வேறு கதை. பேணல் என்று யாராவது சொன்னால், அது கயிறு கட்டியதற்குத்தான் பொருந்தும்.

‘இன் ஸ்டீம்’ என்பதும் ஓடுவது இல்லை. குளிர்ந்த இஞ்சினில் ஒரேயடியாக நெருப்பைக் கொட்ட முடியாது. செம்பு நெருப்புப்பெட்டியும் எஃகுக் கொதிகலனும் ஒரே அளவில் விரியாது, அவசரப்பட்டால் குழாய் முனைகள் ஒழுகத் தொடங்கும். அதனால் சின்ன நெருப்பாகப் போட்டு மணிக்கணக்காக மெதுவாக ஏற்றுவோம், இஞ்சின் நின்ற இடத்திலேயே நிற்கும், ஆனால் நீர்மட்டக் கண்ணாடியை ஒருவர் பார்த்தபடியே இருக்க வேண்டும். மட்டம் மிகவும் இறங்கினால் நெருப்புப்பெட்டிக் கூரையிலுள்ள ஈய அடைப்பு உருகி, ஸ்டீம் நெருப்பின் மேல் பீறிடும். ஓடுகிறதோ இல்லையோ, ஆள் விலக முடியாத நிலை அது. அந்த நிலைக்குத்தான் சொல் வேண்டும். மாஸ்டரின் ஓம்பலில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் படுகிறது, பெயர் நீளமாக இருந்தாலும்.

கோயம்புத்தூர் நண்பர்:

இங்கே மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறுவதை ‘ஸ்டீம் ரயில்’ என்றுதான் எல்லோரும் சொல்கிறோம், யாருக்கும் குழப்பமில்லை. பொன்மலைப் பணிமனையில் அதற்குப் புதிதாகவே நீராவி இஞ்சின் செய்தார்கள், 2011இல் ஒன்று வந்தது. பழையது இல்லாமலே பாரம்பரியம் ஓடுகிறது! ‘பாரம்பரிய ரயில்’ போதாதா? அப்புறம், புகையிரதம் என்று எழுதுகிறீர்களே, அது எங்களுக்குப் புராணப் படம் போல இருக்கிறது.

காரைதீவு மாஸ்டர்:

புகையிரதம் எங்கள் அரசாங்கப் பலகையில் உள்ள சொல், அதற்கு நான் ஜாமீன் இல்லை. தொடருந்து என்று எழுதிய காலமும் இருந்தது, அது நல்ல சொல், ஏன் கைவிட்டார்கள் என்று கேட்டால் அரசியல் வரும், வேண்டாம். ஆனால் பாரம்பரியம் வேண்டாம். பாரம்பரிய உடை, பாரம்பரிய உணவு, பாரம்பரிய நிலக்கரியா?

தம்பிக்கு நன்றி. ஆள் விலக முடியாத நிலை என்றீர்களே, ஓம்பல் என்பதே அதுதான். காத்தல் தூரத்திலிருந்தும் நடக்கும், ஓம்புதலுக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

கல்லடி டீச்சர்:

எனக்கும் ஓம்பல் பிடிக்கிறது. ஆனால் எரியோம்பல் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் யாகம் என்று நினைக்கும், மீதிப் பிள்ளைகளுக்கு யாகமும் தெரியாது. நேற்று ஆசிரியர் அறையில் கதைத்தபோது ஒருவர், நெருப்பை இறக்கி மெதுவாக ஆறவிடுவதற்குக் ‘குளிர்த்தி’ என்று போடலாமே என்றார். கண்ணகை அம்மன் கோயிலில் கதவு திறந்ததிலிருந்து, கடைசியில் அம்மனைக் குளிரவைக்கிற குளிர்த்திச் சடங்கு வரை நடப்பதை வரிசையாக இஞ்சினுக்குப் பொருத்திக் காட்டி, ஒரு பாடவேளையை அப்படியே முடித்துவிட்டார். அழகாகத்தான் இருந்தது. அச்சகத்துக்காரர் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார்.

வாழைச்சேனை நானா:

குளிர்த்தி உங்கள் பக்கத்துச் சொல், எனக்கு ஆட்சேபணை இல்லை, கேட்கவும் நல்லாயிருக்கு. ஆனால் ‘ஸ்டீம் ஏறிய’ என்பதைத் தொடாதீர்கள்.

கல்லடி டீச்சர்:

அனுப்பிவிட்டேன். தலைப்பு ‘நீராவி இஞ்சின் பேணல்: தொண்டர்களின் கதை’. தம்பிக்குப் பிடிக்காது என்று தெரியும், இங்கே எழுதியவர்களிலும் ஆசிரியர் அறையிலும் பெரும்பாலானவர்கள் அதற்குத்தான் தலையாட்டினார்கள், பாதிப்பேர் களைத்துப்போய். உள்ளே ‘ஸ்டீம் ஏறிய இஞ்சின்’, ‘ஸ்டீம் இறங்கிய இஞ்சின்’. கடுகண்ணாவைப் பெனரில் ‘காட்சிக்கு நிறுத்திய இஞ்சின்’. குளிர்த்தியைப் போடவில்லை.

காரைதீவு மாஸ்டர்:

தலைப்பில் நீராவி, உள்ளே ஸ்டீம். ஒரே துணியில் இரண்டு கடை. என் மறுப்பைப் பதிந்து வைக்கிறேன். ஓம்பலை அடுத்த கண்காட்சிக்கும் கொண்டுவருவேன்.

அக்கரைப்பற்றுத் தம்பி:

அக்கா, மூன்றாவது பெனரில் ‘வாஷ்அவுட்’ என்று அப்படியே கிடக்கிறதே? கொதிகலனின் அடைப்புகளைக் கழற்றி, அடியில் படிந்த சுண்ணாம்புச் சேற்றைக் குழாய் விட்டு அடித்து எடுப்பது. என் கை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது, அதற்கு ஒருவரும் சொல் தரவில்லை.

காரைதீவு மாஸ்டர்:

மண்டி கழுவல்.

வாழைச்சேனை நானா:

இது சரி. மாஸ்டர் இதை முதலிலேயே இப்படிச் சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

கல்லடி டீச்சர்:

பெனர் அடித்தாயிற்று. ‘மண்டி கழுவல்’ என்று ஸ்டிக்கர் வெட்டி அந்த இடத்தில் ஒட்டுகிறேன். மாஸ்டர், ‘மண்டிக் கழுவல்’ இல்லையே? சொல்லிவிடுங்கள், இன்னும் வெட்டவில்லை.