கொச்சி – லண்டன் 9 மணி நேரமா, 14 மணி நேரமா? அவசரம்

கொழிஞ்சாம்பாறை தோப்பு: அம்மா முதல் தடவை விமானம் ஏறுகிறார், தங்கை வீட்டுக்கு. தூரம் 8,200 கி.மீ. மணிக்கு 900 என்றால் 9 மணி நேரம். டிக்கெட்டும் அதிகாலை 4.30க்குக் கிளம்பி மதியம் 1.20க்கு இறங்குவதாகத்தான் சொல்கிறது. ஏஜென்ட் மட்டும் 14 மணி நேரத்துக்கு மேல் என்கிறார். அம்மாவுக்கு சுகர், இன்சுலின் போடுகிறார். எந்தக் கணக்கை நம்புவது?

வேலந்தாவளம்: நேர் விமானமா, நடுவில் மாறணுமா? எந்த மாதம்?

சித்தூர் அக்கா: அம்மா தனியாகவா போகிறார்? வீல்சேர் சொல்லிவிட்டீர்களா?

பாறைக்கல்: பூமி கிழக்கே சுற்றுகிறது. மேற்கே போனால் லண்டனே எதிரே வரும். 9 மணி நேரம்தான் சரி.

பழைய நேவிகேட்டர்: பள்ளிப் பாடத்தையே மறந்துவிட்டு இங்கே பதில் சொல்ல வருகிறார்கள். பூமியோடு காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது. உயரத்தில் மேற்கில் இருந்து அடிக்கும் காற்று எதிர்த்து நிற்கும். அதனால் போகும்போது நேரம் கூடும், வரும்போது குறையும். தோப்பு, டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இதுகூடத் தெரியாமலா?

கொழிஞ்சாம்பாறை தோப்பு: துபாயில் மாறணும். ஜனவரி. சொல்ல மறந்துவிட்டேன்.

வேலந்தாவளம்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். லண்டன் ஜனவரியில் ஐந்தரை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அங்கே கடிகாரத்தை மாற்றுவதால் நாலரை. 1.20 என்றால் நமக்கு மாலை 6.50. ஆக துபாயில் காத்திருப்பதும் சேர்த்து 14 மணி 20 நிமிடம். ஏஜென்ட் சொன்னதுதான் சரி. உங்கள் 9 தற்செயலாகப் பொருந்திவிட்டது. துபாய் சுற்றுவழியும் இல்லை: 2,800 + 5,500, நேர்வழியைவிட 100 கி.மீ.தான் கூட.

மீனாட்சிபுரம்: கோவையில் ஏறியிருக்கலாம். வீட்டில் இருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாமே.

பாறைக்கல்: கோவையில் வெளிநாட்டு விமானம் எத்தனை இருக்கிறது? பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கம் 2021இல் திறந்தபிறகு நெடும்பாசேரி (கொச்சி விமான நிலையம்) போவது கஷ்டமே இல்லை.

மீனாட்சிபுரம்: சுரங்கம் தாண்டினால் போதுமா? திருச்சூரில் இருந்து சாலக்குடி வரை போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பாறைக்கல்: ராத்திரியில் என்னங்க நெரிசல்? மாதம் இரண்டு தடவை போகிறேன்.

சித்தூர் அக்கா: சண்டையை விடுங்கள். 4.30 விமானத்துக்கு வீட்டில் இருந்து இரவு 10 மணிக்கே கிளம்பணும். அதையும் சேர்த்தால் 21 மணி நேரம் ஆகிறது. டாக்டரிடம் அந்தக் கணக்கைச் சொல்லி, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அம்மாவின் கடிகாரத்தை மாற்ற வேண்டாம், நம் நேரமே இருக்கட்டும். இன்சுலினும் டாக்டர் சீட்டும் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் சரக்கறைக் குளிரில் உறைந்து கெடலாம்.

பழைய நேவிகேட்டர்: 900 என்பது காற்றுக்குள் ஓடும் வேகம். எதிர்க்காற்றைக் கழித்தால் வரும் தரைக்கணக்கு வேறு. எத்தனை தடவை சொல்வது?

கொழிஞ்சாம்பாறை தோப்பு: நன்றிங்க. டாக்டர் மூன்று வேளைக்கும் இந்திய நேரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். வீல்சேரும் சொல்லியாச்சு.