மறு: எக்ஸ்போஷருக்கு "வெளிப்பாடு" சரியா?

> மருத்துவமனை ஊழியர்களுக்கான கதிர்ப் பாதுகாப்புப் பயிற்சிக் கையேட்டில் எக்ஸ்போஷருக்கு (exposure) "வெளிப்பாடு" என்று போட்டிருக்கிறேன். அகராதியிலும் அதுதான் இருக்கிறது. சரிதானே?

சரியில்லைங்க. உங்கள் கையேட்டில் இருக்கும் வரியையே ஒரு வார்டு உதவியாளரிடம் வாசித்துக் காட்டுங்கள்: "பணியாளரின் கதிர்வீச்சு வெளிப்பாடு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது, எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது." மில்லிசீவர்ட் என்பது உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு. இது இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்பு, எண்ணில் பிழை இல்லை. ஆனால் கேட்கிறவருக்கு என்ன புரியும்? பணியாளர் உடம்பிலிருந்து கதிர் வெளியே வருகிறது என்று.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எக்ஸ்ரே அறையில் எக்ஸ்போஷர் என்றால் இரண்டு. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்குகிறோமே, அது ஒன்று. அதே நேரம் பக்கத்தில் நிற்கிறவர் மேல் விழுவது இன்னொன்று. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் அடைக்க வேண்டுமா? நாம் அமுக்குவதைக் கதிர் பாய்ச்சுதல் என்று சொல்லலாம், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி. மேலே விழுவதற்கு என் முன்மொழிவு கதிர்படல். வெயில் படுகிறது, காற்று படுகிறது, ஏன், கண்கூடப் படுகிறது. படுகிறவர் எதுவும் செய்வதில்லை, அவர்மேல் வந்து விழுகிறது, அவ்வளவுதான். "கதிர்ப்படல்" என்று ப் போட வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார்: வேண்டாம், கதிர் இங்கே எழுவாய். போட்டால் கண்ணில் விழுகிற படலம் மாதிரி ஆகிவிடும்.

சொல் நிற்குமா என்று பார்க்க நான் அதைத் தொடரில் போட்டுப் பார்ப்பேன். கதிர்ப் பாதுகாப்பில் எக்ஸ்போஷர் மூன்று வகை: தொழில்வழிக் கதிர்படல், மருத்துவக் கதிர்படல், பொதுமக்கள் கதிர்படல். பயிற்சியில் ஆட்கள் தடுமாறும் இடமும் இதுதான். படம் எடுக்கும்போது குழந்தை துள்ளுகிறது, யாராவது பிடித்தாக வேண்டும். அம்மா பிடித்தால் அவருக்குப் படுவது மருத்துவக் கணக்கு. அதே ஈய ஏப்ரனைப் போட்டுக்கொண்டு ஆயா பிடித்தால் தொழில்வழிக் கணக்கு. அம்மா ஒரு நாள் பிடிப்பார், ஆயா தினமும் பிடிப்பார். அதனால்தான் ஊழியரைப் பிடிக்கச் சொல்லாதே என்று வகுப்பில் அடித்துச் சொல்கிறார்கள். "வெளிப்பாடு" என்று எழுதி இதை விளக்கிப் பாருங்கள், முடியாது.

> அப்படியானால் கதிரியக்கப் பணியாளர் என்பதையாவது வைத்துக்கொள்ளலாமா?

அதைவிட மோசம். கதிரியக்கம் என்பது தானாகவே கதிர் வீசிக்கொண்டிருக்கும் பொருளின் குணம்; யாழ்ப்பாண நண்பர்கள் பாடநூலில் கதிர்த்தொழிற்பாடு என்பார்களே, அது. கோபால்ட்-60, அயோடின்-131 எல்லாம் கதிரியக்கப் பொருள்கள். எக்ஸ்ரே குழாய் அப்படி இல்லை, பொத்தானை விட்டால் கதிரும் நின்றுவிடும். முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் அறை வாசலில் "கதிரியக்க அறை" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அங்கே இருந்த உதவியாளர் அண்ணன் படம் எடுத்து முடித்த பிறகும் ஐந்து நிமிடம் வெளியிலேயே நிற்பார், "அடங்கிருச்சா சார், வரலாமா?" என்பார். அவரே மாடியில் கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுத்த நோயாளியின் படுக்கை விரிப்பை வெறும் கையால் சுருட்டிக்கொண்டு போனார். அங்கேதான் மெஷின் எதுவும் இல்லையே! வியர்வையிலும் எச்சிலிலும் சிறுநீரிலும் அயோடின் வரும், அது பாதியாகக் குறையவே எட்டு நாள் ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அந்த எழுத்தைப் போட்டவர்களைத்தான் சொல்வேன்.

ஆக நமக்கு இரண்டு சொல் வேண்டும். படுவது ஒன்று, ஒட்டுவது ஒன்று. வெயில் பட்டால் நிழலுக்குப் போனதும் முடிந்தது. மஞ்சள் கையில் ஒட்டினால் தொட்ட இடமெல்லாம் மஞ்சள். ஒட்டுவதற்குக் கதிரியக்க ஒட்டு அல்லது கதிரியக்க மாசு என்று சொல்லலாம், எனக்கு ஒட்டுதான் பிடித்திருக்கிறது. கோவை நண்பர் "கதிர்த்தீட்டு" என்று எழுதியிருந்தார். பொருளுக்குக் கச்சிதமான சொல், தொட்டால் பரவும், குளித்தால் போகும், நாள் கழிந்தால் தீரும். ஆனால் தயவுசெய்து வேண்டாம். அந்தச் சொல்லால் இந்த ஊரில் யார் யாரை ஒதுக்கி வைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தைராய்டு புற்றுநோயோடு தனி அறையில் கிடக்கிற பெண்ணின் கதவில் அதை ஒட்ட எனக்கு மனம் வராது.

டோஸுக்கு "மருந்தளவு" மட்டும் போட்டுவிடாதீர்கள், கதிரளவு போதும். கதிரியக்கப் பணியாளர் என்பதைக் கதிர்ப் பணியாளர் என்று மாற்றுங்கள்; 18 வயது ஆகாதவர்களை அந்த வேலையில் வைக்கக் கூடாது என்ற 2004ஆம் ஆண்டுக் கதிர்ப் பாதுகாப்பு விதியையும் அந்தப் பக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.

டிஎல்டி பேட்ஜுக்கு (ஊழியர்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று பதிவு செய்ய அவர் அணிவது) சொல் தேடி இன்னொரு இழை வேண்டாம், பேட்ஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் குத்த வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. கழற்றிய ஏப்ரனோடு அறைக்குள்ளேயே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள், மூன்று மாதம் கழித்து அளவு எகிறிவிட்டது என்று கடிதம் வந்ததும் அலறுகிறார்கள். சுவருக்குக் கதிர்பட்டால் கதிரளவு ஏறாமல் என்ன செய்யும்?