பழைய அவுட்போர்டில் (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்) கார்புரேட்டர் ஒழுகல்: உங்களுக்கு எங்கே பிடிபட்டது?

உப்புத்தண்ணி:
பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் நீடில், அது உட்காரும் சீட், கேஸ்கெட் எல்லாம் புதுசு. மாட்டிவிட்டு, டேங்க் குழாயில் பெட்ரோல் ஏற்றும் கை பல்பை அழுத்தினால் கெட்டிப்படவே இல்லை, அழுத்த அழுத்த கார்புரேட்டர் வாயிலிருந்து பெட்ரோல் சொட்டி அடித்தட்டில் தேங்கியது. கார்க் மிதவை வந்த காலத்து டூ ஸ்ட்ரோக். கேட்ட இடத்தில் எல்லாம் இன்னொரு நீடில் வாங்கு என்றுதான் சொன்னார்கள். மிதவையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, பார்க்க முழுசாகத்தான் இருந்தது. அதைக் கழற்றி நகத்தால் லேசாக அழுத்தினேன், கார்க்கிலிருந்து பெட்ரோல் ஊறி விரலில் வழிந்தது. மேல் பூச்சு போய், உள்ளே குடித்துக் கனத்துப்போய்விட்டது. மிதக்க வேண்டியதே மூழ்கிக் கிடந்தால் நீடிலை யார் மேலே தள்ளி அடைப்பது? பல ரிப்பேர் கிட்களில் மிதவை வருவதே இல்லை, அதைத் தனியாகத்தான் வாங்கியாக வேண்டும். இது ஏன் முதலிலேயே யார் வாயிலும் வரவில்லை என்று இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

ரெண்டு சிலிண்டர்:
எல்லா ஒழுகலும் மிதவை இல்லைங்க. எனக்கு நின்றால் ஒரு சொட்டு கிடையாது, பல்பும் கல் மாதிரி நிற்கும். ஓடும்போது மட்டும் மூடிக்குள் எல்லாம் ஈரம். ஏர் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு ஸ்லோவில் ஓடவிட்டுப் பார்த்தேன், கார்புரேட்டர் வாய்க்கு முன்னால் பெட்ரோல் பனி போல் வெளியே வந்து வந்து போனது. உள்ளே போக வேண்டியது திரும்பித் துப்புகிறது! கலவையை உள்ளே மட்டும் விட்டுத் திரும்ப விடாத ரீட் வால்வில் ஒரு இதழின் ஓரம் உடைந்திருந்தது. உடைந்த துண்டு எங்கே போனதோ, அதை நினைத்தால்தான் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. ஆக முதலில் எப்போது ஒழுகுகிறது என்று பாருங்கள், கிட் எல்லாம் அப்புறம்.

ஆத்துப்படகு:
இரண்டு பேரும் கார்புரேட்டரைவிட்டு வெளியே வரவில்லை. என்னுடையது டேங்குக்கு இரட்டைக் குழாய் போகும் 1950களின் மோட்டார். அதில் பெட்ரோல் பம்பே கிடையாது, கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் அறை) காற்று டேங்குக்குள் போய் அந்த அழுத்தத்தில்தான் பெட்ரோல் மேலே ஏறும். மோட்டாரை நிறுத்தினாலும் அழுத்தம் அப்படியே நிற்கும், நீடில் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும். கரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் தண்ணீர்மேல் வானவில் படலம். மூடியைத் திறந்ததும் வந்த வாடையில், பக்கத்தில் புகைத்துக்கொண்டிருந்தவரை எழுந்து ஓடச் சொன்னேன்.

சரி, இதையும் கேளுங்கள். நிறுத்தியதும் டேங்க் இணைப்பைக் கழற்றுங்கள். ஒற்றைக் குழாய் டேங்க்கானாலும் காற்றுத் திருகை மூடி வெயிலில் வைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நீடிலைத் தள்ளிக்கொண்டு வரும். பல்ப் கெட்டியான பிறகும் பலம் காட்டி அமுக்காதீர்கள், நல்ல நீடிலே விட்டுக்கொடுத்துவிடும். நீடில் முனையில் வளையமாகக் கோடு விழுந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் முனையில் சுத்தமான குழாய் மாட்டி ஊதுங்கள். மிதவையின் எடையிலேயே காற்று அடைபட வேண்டும், நிமிர்த்தினால் போக வேண்டும். பல பழைய மாடல்களில் தலைகீழாக வைத்தால் மிதவை கேஸ்கெட் முகத்துக்கு இணையாக நிற்கும், உங்கள் சர்வீஸ் புத்தகம் வேறு சொன்னால் அதுதான் சரி. பவுல் (மிதவை இருக்கும் கிண்ணம்) திருகுகளை வெறி பிடித்தாற்போல் முறுக்கினால் விளிம்பு வளைந்துவிடும், அப்புறம் எத்தனை கேஸ்கெட் போட்டாலும் ஓரத்தில் கசியும். கண்ணாடிமேல் நைஸ் உப்புத்தாளை வைத்துத் தேய்த்து மட்டம் செய்யலாம். மோட்டாரைத் தூக்கிச் சாய்க்கும்போது வரும் கொஞ்சம் பெட்ரோல் பவுலில் மிச்சம் இருந்தது, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ரெண்டு சிலிண்டர்:
அண்ணே, இவ்வளவையும் யார் கேட்டது? என் நீடில் நன்றாக இருக்கிறது என்றுதானே எழுதினேன்.

கயிறு இழுத்தவன்:
எனக்கு வெளியே சொட்டே இல்லை, அதுதான் பிரச்சினை. பல்ப் கெட்டிப்படாது, அடித்தட்டு காய்ந்து கிடக்கும், ஒரு பிளக் மட்டும் எப்போதும் நனைந்து வரும். பெட்ரோல் பம்ப்பைக் கழற்றி டயாஃப்ரத்தை (உள்ளே துடிக்கும் மெல்லிய சவ்வு) வெளிச்சத்தில் பிடித்தேன், ஊசிமுனை அளவு ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. கிராங்க்கேஸ் துடிப்பு பம்ப்புக்கு வரும் அதே துளை வழியாகப் பெட்ரோல் நேராக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. இதற்காகக் கார்புரேட்டரை ஒரு மெக்கானிக் திரும்பத் திரும்பப் பிரித்து மாட்டிக் காசு வாங்கினார், அந்தப் பம்ப்பில் கை வைக்கவே இல்லை.

உப்புத்தண்ணி:
டயாஃப்ரம் கதை சரி, ஆனால் எனக்கு வாயில்தான் சொட்டியது, பிளக் காய்ந்தே இருந்தது. ஆத்துப்படகு, தலைகீழ் ஊதல் சோதனையில் என் பழைய கார்க் ஜம்மென்று தேறியிருக்கும். குடித்துக் கனத்த மிதவை தலைகீழாக இன்னும் நன்றாகத்தானே நீடிலை அமுக்கும்? பெட்ரோலில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.