புதுப்பிப்பு: பிளஸ் டூவில் உயிரியல் இல்லாமல் பி.இ. முடித்தவன் நீட் எழுதலாமா?

போன வருஷம் இதைக் கேட்டபோது பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், பிறகு நான்கு வருஷம் பொறியியல், வயது 26. இப்போது எம்பிபிஎஸ் சீட் கிடைத்துவிட்டது!

கைகொடுத்தது, தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 நவம்பர் 22 அறிவிப்பைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். பிளஸ் டூவுக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற வாரியத்தில் உயிரியலைக் கூடுதல் பாடமாகத் தேறினாலும் நீட் எழுதலாம் என்கிறது அது. உச்ச வயது வரம்பும் கிடையாது. என்ஐஓஎஸ் என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி வாரியத்தில் பார்ட் அட்மிஷன் (வேண்டிய பாடத்துக்கு மட்டும் சேர்வது) போட்டு உயிரியல் மட்டும் எடுத்தேன்.

எதிர்பாராதது செய்முறைத் தேர்வு. புத்தகத்தை மனப்பாடம் செய்திருந்தும், செம்பருத்திப் பூவைப் பிளேடால் நெடுக்காக அறுத்து சூலகத்தைக் காட்டச் சொன்னபோது கை நடுங்கி மூன்று பூ வீணானது, அதனால் வீட்டிலேயே பழகிவிட்டுப் போங்கள். அப்புறம் கவுன்சிலிங்கில் இரண்டு மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஒருவர் தகுதி இல்லை என்றே சொல்லிவிட்டார், அந்த அறிவிப்பின் நகலைக் காட்டிய பிறகுதான் ஏற்றார்கள். நகல் எடுத்துப் போக மறக்காதீர்கள்.