பாதாளச் சாக்கடைக்காக உடைத்த மொசைக் தரைக்குப் பணம் வாங்கிய கதை (உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்)

நடைவீடு:

எங்கள் வீடு 1986-ல் அப்பா கட்டியது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியே நிற்கும், சந்து கிடையாது, கழிப்பறை கொல்லையில். பாதாளச் சாக்கடை இணைப்பு கட்டாயம் என்று நோட்டீஸ் வந்த அன்றே அம்மா கேட்டார், "குழாய் எந்த வழியாடா போகும்?" என்று. இருப்பது ஒரே வழி. கொல்லையிலிருந்து அடுப்படி ஓரமாக வந்து, நடை முழுக்க ஓடி, வாசல்படிக்குக் கீழே நுழைந்து தெருச் சேம்பருக்குப் போக வேண்டும்.

நடையில் இருந்தது மொசைக். டைல்ஸ் காலத்தில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: வெள்ளை சிமெண்டில் சாயமும் மார்பிள் சில்லும் கலந்து, கண்ணாடிப் பட்டை வைத்துக் கட்டம் பிரித்து, அந்த இடத்திலேயே போட்டு, இறுகியதும் மெஷினால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. ஒரு இடத்தில் உடைத்தால் ஒட்டுப் போட்டு மறைக்க முடியாது. துடைக்கிற தண்ணீரில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு அம்மா அதைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்.

ஒன்றரை அடி அகலம் போதும் என்றுதான் ஒப்பந்ததாரரின் ஆட்கள் வந்தார்கள். முதலில் கோடு போட்டு கட்டரால் இரண்டு பக்கமும் அறுத்துவிட்டு நடுவில் உடைத்திருந்தால் ஓரம் நேராக நின்றிருக்கும், ஆனால் கட்டர் வேறு இடத்தில் இருக்கிறது என்று நேராக பிரேக்கரை இறக்கினார்கள். ஓரமெல்லாம் பிய்ந்து சில இடங்களில் மூன்றடி வரை போனது, ஒரு விரிசல் கூடத்துக்குள்ளேயே ஓடிவிட்டது. குழாயைப் பதித்து, அள்ளிய மண்ணையே தள்ளி, தண்ணீர் விட்டுக் கெட்டிக்கக்கூட இல்லாமல் மேலே சாம்பல் சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். ஒரே மாதத்தில் அதுவும் உள்ளே இறங்கிவிட்டது.

நோட்டீஸ் கொடுத்த அலுவலகத்தில் கேட்டால் "ஒப்பந்ததாரரைப் பாருங்க", ஒப்பந்ததாரரிடம் கேட்டால் "எஸ்டிமேட்டில் சிமெண்ட் பூச்சுதான் சார், ஆபீஸ்ல கேளுங்க". இரண்டு மாதம் இப்படியே அலைந்தேன். பழைய தரை மொசைக்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றுகூட ஒருவர் கேட்டார். வேலைக்கு முன்னால் ஒரு போட்டோ எடுக்காமல் விட்டது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். கடைசியில் என் மகளின் காதுகுத்து ஆல்பத்தில் நடை முழுக்கத் தரை தெரிகிற மாதிரி ஒரு படம் கிடைத்தது.

அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. ஒப்பந்த நகல் வேண்டும். உடைத்த இடத்தைப் பழையபடி ஆக்கித் தருவது பற்றி அதில் உள்ள நிபந்தனை வேண்டும். ஒப்பந்ததாரரின் இறுதி பில் பாஸாகிவிட்டதா, பிடித்து வைத்த தொகை எவ்வளவு. இந்த மூன்றாவது கேள்விதான் வேலை செய்தது. இந்த மாதிரி வேலைகளில் கொஞ்சம் பணத்தைப் பிடித்து வைத்து, குறைபாடு வந்தால் சரிசெய்ய ஒரு காலக்கெடுவும் வைப்பார்கள். அந்தப் பணம் கையை விட்டுப் போவதற்கு முன்னால் நம் புகார் கோப்பில் ஏறிவிட வேண்டும், அது போன பிறகு கேட்டால் நாம் வெறும் ஆளாகிவிடுவோம். பதில் தர 30 நாள் கெடு. 26-ஆவது நாள் ஒப்பந்ததாரர் ஆளே வீட்டுக்கு வந்துவிட்டார், டேப்போடு.

அவர் கணக்கு 24 அடிக்கு ஒன்றரை அடி, 36 சதுர அடி. என் கணக்கு நடை முழுக்க, 120 சதுர அடி. நடுவில் ஒரு பட்டை மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அது பழைய தரை ஆகுமா? மூன்று கொத்தனார்களிடம் எழுதி வாங்கிய கொட்டேஷனைக் காட்டினேன். 68,000 கேட்டேன், 41,000-க்கு முடிந்தது. சண்டை போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம், அம்மா போதும் என்றார்.

கையெழுத்துக்கு நீட்டிய தாளில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தது. அதை அடித்துவிட்டு "நடைத் தரைக்கு மட்டும்" என்று என் கையால் எழுதிப் போட்டேன். வாசல்படிக்குக் கீழேயும் தோண்டியிருக்கிறார்கள், ஒரு மழைக்காலம் பார்த்தால்தான் அது இறங்குமா என்று தெரியும்.

மூணாவது தெரு:

உங்களுக்காவது உள்ளே உடைத்தார்கள். எங்களுக்கு மழைநீர் வடிகால் போட வந்து, வாசலில் கிரானைட் போட்டிருந்த சாய்தளத்தையும் இரண்டு படியையும் பெயர்த்துவிட்டார்கள். நஷ்டஈடு கேட்கப் போனால் பத்திரத்தை எடுத்து வா என்றார்கள். எடுத்துப் போய் அளந்தால் சாய்தளம் முழுக்க ரோட்டில் இருக்கிறது. ஒரு பைசா கிடையாது. இன்னும் பேசினால் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வரும்போல இருந்தது, பேசாமல் திரும்பிவிட்டேன். கேட்கப் போவதற்கு முன்னால் எல்லை எங்கே முடிகிறது என்று நீங்களே ஒருமுறை அளந்துகொள்ளுங்கள்.

கம்பியாள்:

மின் வேலை என்றால் உங்கள் பிடி இன்னும் பலமானது. மின்சாரச் சட்டம் 2003, 67-ஆவது பிரிவைப் படியுங்கள். வேலையால் முடிந்தவரை குறைவான சேதமே வர வேண்டும், சேதம் வந்தால் முழு இழப்பீடு தர வேண்டும், அதுவும் உரிமதாரர் (மின்சாரம் வழங்க உரிமம் பெற்ற நிறுவனம்) செய்த சேதத்துக்கு மட்டுமல்ல, அவர் அமர்த்திய ஆட்கள் செய்ததற்கும் சேர்த்து. அதனால் "காண்ட்ராக்டர் செய்தது, எங்களுக்குத் தெரியாது" என்பது பதிலே இல்லை. தொகையில் தகராறு என்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முடிவு செய்யும். என் மாமியார் வீட்டில் பூமிக்கடியில் கேபிள் போட வந்து திண்ணைக் கல்லை உடைத்தபோது இந்தப் பிரிவு எண்ணை மனுவில் எழுதினோம், வேறு எதுவும் செய்யவில்லை, பத்து நாளில் கல் மாற்றித் தந்தார்கள். பணமாகத் தரமாட்டோம் என்றார்கள், கல் வந்தால் சரி என்று விட்டுவிட்டோம்.

யீஷூன் வாசி:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு இல்ல மேம்பாட்டுத் திட்டம் வரும். புளோக்கில் தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் 75 விழுக்காடு சரி என்று வாக்களித்துவிட்டால் அத்தியாவசிய வேலைகள் எல்லா வீட்டுக்கும் கட்டாயம், கழிவுநீர்க் குழாய் மாற்றுவது உட்பட. செலவு அரசாங்கத்துடையது, ஆனால் தூசியும் தலைவலியும் நம்முடையது.

எங்கள் வீட்டில் கழிப்பறைக்கு வெளியே லேமினேட் தரை. குழாய் மாற்றும்போது தண்ணீர் கசிந்து நாலைந்து பலகையின் ஓரம் உப்பிக்கொண்டது. முதலில் "ஏற்கெனவே இருந்திருக்கும்" என்றார்கள். நல்ல வேளை, வேலைக்கு முன்னால் வீட்டைப் பார்க்க வந்தவரை நான் விடவில்லை, கழிப்பறை வாசலில் அவரையே குனிய வைத்துப் படம் எடுக்க வைத்தேன், அவர் தாளிலும் "தரை நன்றாக உள்ளது" என்று எழுத வைத்தேன். அந்த ஒரு வரிக்கு முன்னால் பேச்சு ஓடவில்லை. அதே பலகை கடையில் இல்லாததால் அந்த நடைபாதை முழுக்க மாற்றிக் கொடுத்தார்கள். அண்ணன் காதுகுத்து ஆல்பம் தேடியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, மன்னிக்கவும்!

ரெண்டுக்கு ரெண்டு:

என் வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மெயின் குடிநீர்க் குழாய் மாற்ற வீட்டு வாசலை ஒட்டிப் பாறை உடைத்தார்கள், இரண்டு நாள் வீடே அதிர்ந்தது. கூடத்தில் ஒன்பது டைல்ஸ் கிளம்பி நின்றன. மற்றவை நன்றாகத்தான் இருக்கின்றன என்று நினைத்தேன், டைல்ஸ் கடைக்காரர் வந்து ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். இருபதுக்கு மேல் டொக் டொக்கென்று காலிச் சத்தம், அதாவது அடியில் பிடிப்பு விட்டுவிட்டது. ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு வீடியோ எடுத்துக்கொண்டேன், தட்டும் சத்தத்தோடு.

அவர்கள் ஒன்பதுக்குத்தான் பணம் தருவார்களாம். எங்கள் டைல்ஸ் ஷேடு தயாரிப்பிலிருந்தே நின்றுபோய் ஆறு வருடம் ஆகிறது. (புது வீடு கட்டுகிறவர்கள் ஒரு பெட்டி டைல்ஸ் கூடுதலாக வாங்கி லாஃப்டில் போட்டு வையுங்கள், என்னைப் போல மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்து காசு வாங்காதீர்கள்.)

சிவில் கோர்ட் போகப் பயந்தேன், வருடக்கணக்கில் இழுக்கும். சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் இருந்த ஒரு மேடம்தான் நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். குடிநீர், மின்சாரம், துப்புரவு, தபால் மாதிரி பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கென்றே உள்ளது, கோர்ட் கட்டணம் இல்லை. ஆனால் வேறு கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே அங்கே போய்விட வேண்டும். முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம், இதுதான் சாதாரண மக்கள் நீதிமன்றத்துக்கும் (லோக் அதாலத்) இதற்கும் வித்தியாசம்.

போன வாய்தாவில் எதிர்த்தரப்பு முப்பது டைல்ஸ் வரைக்கும் இறங்கி வந்தது. கூடத்தில் மொத்தம் 64. அடுத்த வாய்தா வரும் பதினெட்டாம் தேதி, முடிந்ததும் வந்து எழுதுகிறேன்.

நடைவீடு:

வீடியோவைப் பென்டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். போனில் காட்டினால் யாருக்கும் அந்தச் சத்தம் கேட்காது.